கழகத்து மாலையை யார் போடுவது

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதலான இரண்டும் என் தங்கை விட்டுப்போனவை. ஏழு பேருக்கும் சோறு போட்டவள் நான். இப்போது ஏழு பேரும் என்னை உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் சொல்லி வந்த வெள்ளக் கதையைப் படித்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தாராம். எல்லாம் நினைவில்லை. அடுத்தவர்கள் திண்டாடியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இந்த வாரம் திண்டாடப் போகிறவர்கள் அறிஞர்கள்.

சிங்கப்பூர் தனி நாடாகப் பிரிந்து கொஞ்ச காலம் இருக்கும். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கடைவீடு. கீழே முன்பக்கம் மாவு மில், பின்பக்கம் நாங்கள், மேல்மாடி முழுக்கக் கழகம்.

அன்றைக்கு மில்லில் மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய் ஓடும்போது நாய்கூட எதிர்ச்சாரியில்தான் போகும். அப்படிப்பட்ட நேரத்தில் மூன்று பெரிய மனிதர்கள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்கள்.

ஒருவர் கழகத் தலைவர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர். தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். இன்னொருவர் செயலாளர் வீராசாமி. துறைமுகத்தில் வேலை. அவர் மேடையில் சீர்திருத்தம் பேசினால் தேக்கா மார்க்கெட் வரைக்கும் கேட்கும். மூன்றாவது ஒரு புலவர். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார், பேசிய பின்னாலும் செருமுவார். நடுவில் பேச்சு கொஞ்சம்தான்.

"தங்கச்சி, கொஞ்சம் கதைக்கவேணும்," என்றார் அம்பலவாணர்.

"மேல போய்ப் பேசுங்க ஐயா. இங்க மிளகா ஓடுது."

"மேல பேசிட்டுத்தான் அக்கா கீழ வந்தோம்," என்றார் வீராசாமி.

"பேசி முடிச்சாச்சா?"

"முடியல."

மெஷினை நிறுத்தினேன். மூவரும் முறை வைத்துத் தும்மினார்கள். தும்மி முடித்ததும் அம்பலவாணர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட மகள் தமயந்தி விசயமா வந்தனாங்கள்."

வயசுப் பெண். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "என்ன செஞ்சா?" என்றேன்.

"கட்டுரை எழுதியிருக்கிறா."

யாரையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்பதைப் போலத்தான் சொன்னார்.

மேல்மாடியில் அறிவு

அந்தக் கழகம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கழகம் என்றால் கால்பந்துதான் தெரியும்.

படித்தவர்கள் கூடி, தாங்கள் படித்ததைக் கட்டுரையாக எழுதி, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவதற்கு ஒரு சபை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். வானத்து நட்சத்திரம், பழைய கல்வெட்டு, தேனீ, தொழுநோய், எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கும். ஆனால் தமிழில் இருக்க வேண்டும். வருடக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து மலர் போடுவார்கள். அந்த மலர் கோலாலம்பூர், சென்னை, யாழ்ப்பாணம் எல்லாம் போகும். லண்டனுக்கும் ஒன்று போகும். "அங்க யாருங்க ஐயா படிக்கிறாங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "வந்து சேர்ந்தது எண்டு எழுதியிருக்கினம்," என்றார் அம்பலவாணர், பெருமையாக.

புதுச் சாமான்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வைப்பதும் அவர்கள் வேலை. விளக்கு சுவிட்சுக்கு என்ன பெயர் என்று ஒரு குழு போட்டார்கள். குழு பேசிப் பேசிக் கலைந்து போகும். விளக்கை அணைக்காமலே போவார்கள். நான் மேலே ஏறிப்போய், பெயர் இல்லாத அதை அமுக்கிவிட்டு வருவேன்.

மேல்மாடியை அவர்களுக்கு விட்டது என் வீட்டுக்காரர். அவரும் படித்தவரில்லை. படித்தவர்கள் தலைக்கு மேலே நடமாடினால் வீட்டுக்கு நல்லது என்று நினைத்தார். வாடகை வாங்கவில்லை. அதற்காக அவரைப் புரவலர் என்று சொல்லி, மேடையில் கைவைத்த நாற்காலி ஒன்று போட்டார்கள். கூட்டந்தோறும் அதில் உட்கார்ந்து தூங்குவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, வருடத்துக்கு ஒரு தடவை அம்பலவாணர் கீழே வந்து, "வீடு உங்கட பேரில. அந்தக் கதிரையும் உங்கட. வந்து இருங்கோ," என்று முறையாக அழைப்பார். நான் முறையாக, "வேலை கிடக்குங்க ஐயா," என்பேன். அவர் நிம்மதியாக மாடி ஏறிவிடுவார்.

மேலே போகாவிட்டால் என்ன, பலகைத் தளம். இடுக்கு வழியாக எல்லாம் கேட்கும். அறிவு கீழே இறங்கியது போலவே மிளகாய் மேலே ஏறியது. யாராவது நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனால், வீராசாமி காலால் தரையைத் தட்டுவார். நான் மிளகாயைப் போடுவேன். கொஞ்ச நேரத்தில் கட்டுரை முடிவுரைக்கு வந்துவிடும்.

பலகை எழுதியவர்

வாசலில் கழகத்தின் பெயர்ப்பலகை. எழுதியவர் பக்கத்துத் தெருச் சீனர், ஆ லெக். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. கோலம் போடுவது போலப் பார்த்துப் பார்த்து வரைவார். தப்பே வராது.

முதலில் பெயரில் மலாயா இருந்தது. பிறகு மலேசியா வந்தது. அந்தப் பெயின்ட் வாசனை போவதற்குள் சிங்கப்பூர் தனியாக வந்துவிட்டது. ரேடியோவில் செய்தி கேட்டு ஊரே என்னாகுமோ என்று நின்றபோது, கழகத்தார் மேலே கூடி, இனிமேல் நாம்தான் இந்த நாட்டின் தேசியக் கழகம் என்று தீர்மானம் போட்டார்கள். போட்டிக்கு யாரும் இல்லாததால் ஏகமனதாக நிறைவேறியது.

ஆ லெக் ஏணியோடு வந்தார். "நெகாரா பாரு லாகி?" என்று என்னிடம் மலாயில் கேட்டார். மறுபடியும் புது நாடா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். "இதோடு நிற்குமா, இல்லை, ஏணியை இங்கேயே விட்டுப் போகட்டுமா?" என்றார்.

தேசிய என்ற சொல்லைச் சேர்த்ததில் பெயர் நீண்டு, பலகை எங்கள் வீட்டைத் தாண்டிப் பக்கத்துத் தையல் கடைக்குள் ஒரு முழம் போய்விட்டது. தையற்காரர், கடைசி இரண்டு எழுத்து தம்முடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புதுப் பெயரில் முதல் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தக் கூட்டத்தில் வாசிப்பதற்குத்தான் என் மகள் கட்டுரை கொடுத்திருந்தாள்.

இரண்டு பேர் எழுந்தால்

இங்கே மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாலை இல்லாமல் அந்தக் கழகமே இல்லை.

கழகம் தொடங்கிய வருடம், இரண்டு அறிஞர்கள் ஒரே ராஜாவைப் பற்றிக் கட்டுரை கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். நீங்கள் உட்காருங்கள் என்று இரண்டு பேரும் சொன்னார்கள், இரண்டு பேரும் உட்காரவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, ஒரே நேரத்தில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார்கள். சபை பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் திரும்பி உட்கார்ந்து கேட்டது. என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் தூங்கவில்லை.

அதன் பிறகு ஒரு விதி எழுதினார்கள். கட்டுரை வாசிக்க வருகிறவர் கழுத்தில் மேடையில் இருப்பவர் தம் கையால் மாலை போட வேண்டும். மாலை போட்டிருப்பவர் மட்டும்தான் பேசலாம். மாலை ஏறாத கட்டுரை மலரில் ஏறாது.

நல்ல விதிதான். ஆண்கள் மட்டும் எழுதிக்கொண்டிருந்த வரைக்கும்.

ஒரு சமயம் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர், தோட்டப்புறத்துத் தாலாட்டுகளைச் சேர்த்து எழுதி அனுப்பினார். ஓர் ஆண்பிள்ளை ஒரு பெண்ணின் கழுத்தில் மாலை போட்டால் அதற்கு நம்மில் என்ன பெயர் என்று சொல்லத் தேவையில்லை. கழகம் கூடி யோசித்து, ஆசிரியைக்குப் பதிலாக வீராசாமி மாலையை வாங்கிக்கொண்டு வாசிக்கலாம் என்று முடிவு செய்தது. அவர் தேக்கா வரைக்கும் கேட்கிற குரலில் தாலாட்டை எடுத்தார். கீழே தூளியில் தூங்கிக்கொண்டிருந்த என் கடைக்குட்டி எழுந்து அலறினான். மலரில் வீராசாமியின் படம், மாலையோடு, பெரிதாக வந்தது. ஆசிரியையின் பெயர் அடியில் பொடி எழுத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். அதன் பிறகு அந்த அம்மாள் எதுவும் அனுப்பவில்லை.

இப்போது தமயந்தி அனுப்பியிருந்தாள்.

லோங்காங் மீன்

தமயந்தி என் இரண்டாவது மகள். புக்கித் தீமா பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போய் உயிரினங்களைப் பற்றிப் படித்தாள். அவள் படிப்பு எனக்குத் தெரிந்த அளவில், எங்கள் சந்தின் லோங்காங் ஓரம் குந்தி உட்கார்ந்துகொண்டு, சாக்கடைத் தண்ணீரில் ஓடும் சின்ன மீன்களை வடிகட்டியால் பிடிப்பது. பிடித்ததை ஊறுகாய் பாட்டில்களில் விட்டு என் சமையற்கட்டில் அடுக்கி வைப்பாள். போகிற வருகிற பெண்கள், "படிக்க வெச்சீங்க, இப்ப லோங்காங்குல மீன் பிடிக்குது," என்று சொல்லிவிட்டுப் போவார்கள். "உங்க வீட்டுல அதுவும் பிடிக்கக் காணோமே," என்பேன்.

படித்ததை இங்கிலீஷில் எழுதினாலே போதும். அவள் தமிழில் எழுதினாள். எனக்காக என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு என் பெயரை எழுத வரும். பஸ் நம்பர் தெரியும், கடைப்பலகையை எழுத்துக் கூட்டிவிடுவேன். பத்தி பத்தியாக எழுதியிருந்தால் அது எனக்கு அரிசியில் கிடக்கிற புழு மாதிரிதான். என் மகள் இத்தனை வருடம் என்ன படித்தாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழி, அவள் வாயைத் திறந்து சொல்வது. "இப்பவே சொல்லேன்," என்று கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை கேளுங்கம்மா, எல்லார் முன்னாடியும் வாசிப்பேன்ல," என்றாள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். மகளுடைய படிப்பை மகளின் குரலில் கேட்க வேண்டும். வீராசாமியின் குரலில் இல்லை.

பாதியில் நின்ற பேச்சு

மில்லுக்கு வருகிறேன். மெஷின் நின்றுவிட்டது. மூவரும் மாவு மூட்டைகளுக்கு நடுவில், எதிலும் பட்டுவிடாமல் நின்றார்கள். சத்தம் நின்றதால் தமயந்தியும் பின்கட்டிலிருந்து வந்துவிட்டாள்.

"கட்டுரை திறம்," என்றார் அம்பலவாணர். "நான் ரெண்டு தரம் வாசிச்சனான். பிரச்சினை மாலைதான்."

"நீங்களே போடுங்க ஐயா. உங்க பேத்தி வயசு."

"தங்கச்சி, எனக்குப் பெண்சாதி இருக்கிறா. போன வருசம் ஒரு நாட்டியக்காரப் பிள்ளைக்குக் கேடயம் குடுத்ததுக்கே கன நாள் என்னோட கதைக்கேல்லை."

"அப்ப அந்த அம்மாவே வந்து போடட்டும்."

புலவர் செருமினார். "உறுப்பினர் அல்லாதார் அவை நடக்கையில் மேடை ஏறலாகாது."

"உறுப்பினர் ஆக்கிருங்க."

"கட்டுரை வாசித்தவரே உறுப்பினர் ஆகலாம்."

"கட்டுரை வாசிக்கணும்னா?"

"மாலை வேண்டும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் செருமினார்.

என் மெஷினில்கூடப் போடுகிற வாய் ஒன்று, வருகிற வாய் ஒன்று உண்டு. "விதியை மாத்திருங்க," என்றேன். அதற்குப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டுமாம், முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாதாம்.

"அதனாலதான் அக்கா, இந்த ஒரு தடவை நானே வாசிச்சிடுறேன்," என்றார் வீராசாமி. "பாப்பா பேரைக் கண்டிப்பா சொல்லிடுவேன்."

"மாமா, நான் எழுதுன மீனு எப்படி இருக்கும்னு தெரியுமா?" என்றாள் தமயந்தி.

"மீனு மாதிரிதானேம்மா இருக்கும்."

அம்பலவாணரே சிரித்துவிட்டார். வீராசாமிக்கு முகம் சுண்டிப்போனது. நல்ல மனிதர்தான், ஏதாவது வழி சொல்ல வேண்டும் என்று தவித்தார். "இன்னொரு வழி இருக்கு," என்றார் வேகமாக. "மேடையில ஏற உரிமையுள்ள பொம்பளை ஒருத்தர் இருக்காங்களே. புரவலர் நாற்காலி இருக்குல்ல, அதுக்கு உரியவங்க நம்ம..."

அங்கே நின்றுவிட்டது. அவர் கண் என் நெற்றிக்கு வந்தது. பொட்டில்லாத நெற்றி. கண் உடனே மெஷினுக்குப் போய்விட்டது.

கைம்பெண்களை ஒதுக்கிவைப்பது காட்டுமிராண்டித்தனம் என்று அவர் பேசிய பேச்சை நான் கீழேயிருந்து கேட்டிருக்கிறேன். அரிசி அரைபடும் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"முடிங்க தம்பி," என்றேன்.

"இல்லக்கா... எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. நாலு பேரு வர்ற இடம்..."

"பிள்ளை கலியாணம் கட்டாத பிள்ளை," என்றார் அம்பலவாணர் மெதுவாக. "நாளைக்கு ஒரு நல்ல காரியம் வரேக்குள்ள, இவளுக்கு முதல் மாலை ஆர் போட்டது எண்டு சனம் கேக்கும். உங்கட பிள்ளைக்காகத்தான் சொல்லுறன்."

அவர்களை மட்டும் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மூத்தவள் கல்யாணத்தில் நான் அடுப்படி வாசலில் நின்றுதான் தாலி கட்டியதைப் பார்த்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போய் நின்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் தமயந்தி மீன் பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் போட்டா உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"மிளகா காரம் கழுத்துல ஏறும். வேற என்ன?"

"விளையாடாத. பின்னாடி ஒண்ணுன்னா என்னைத்தான் சொல்லுவாங்க. நானே என்னைச் சொல்லுவேன்."

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "அக்கா கல்யாணத்துல உங்களைத் தேடித் தேடி எனக்குக் கழுத்து வலிச்சுதும்மா. ஞாயித்துக்கிழமையாவது கண்ணு முன்னால உக்காருங்க."

மறுநாள் வீராசாமியைக் கூப்பிட்டு, நாற்காலியைத் தூசி தட்டி வைக்கச் சொன்னேன்.

அதிகாரிக்குத் தெரிந்த வழக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மில்லுக்கு விடுமுறை விட்டேன். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, கையைப் புளி போட்டுக் கழுவிக்கொண்டு, என் வீட்டு மாடிப்படியை நானே விருந்தாளி மாதிரி ஏறினேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் உறுப்பினர்களின் மனைவிமார்; அம்பலவாணரின் பெண்சாதி பரமேஸ்வரி அம்மாள் விசிறியோடு நடுவில். நான் மேடை ஏறிப் புரவலர் நாற்காலியில் உட்கார்ந்தேன். முணுமுணுப்பு ஒன்று பின்வரிசையிலிருந்து கிளம்பி முன்வரிசை வரைக்கும் வந்தது. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

அதிகாரி ஒரு சீனர், இளவயது, கண்ணாடி போட்டவர். நம்மவர் நிகழ்ச்சிகள் பலவற்றுக்குப் போய்ப் பழகியவர் என்று கேள்வி. வந்ததும் கைகூப்பி, "வணக்கம்," என்றார். எல்லாரும் குளிர்ந்துபோனார்கள்.

தமயந்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். காகிதங்களோடு வந்து நின்றாள். பஃபலோ ரோட்டுப் பூக்கடையிலிருந்து வந்த மாலை, மல்லிகையும் ரோஜாவும், தட்டில் வந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. வீராசாமி அதை அதிகாரி முன்னால் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது. காலையில் அறிஞர்கள் அவசரமாகக் கூடி ஒரு யோசனை கண்டுபிடித்திருக்கிறார்கள். அதிகாரி அரசாங்க விருந்தினர், மேடை ஏறத் தடையில்லை; தமிழரும் அல்லர். அதனால் அவர் மாலையை எடுத்துக் கொடுத்தால் ஊர் அதைக் கல்யாண மாலையாக நினைக்காது. கையில் கொடுப்பார், அவள் தானே போட்டுக்கொள்ளட்டும். மேடையில் இருப்பவர் கையிலிருந்து வருவதால் விதிக்கும் பங்கமில்லை, பெண்ணுக்கும் பழியில்லை, என் நெற்றிக்கும் வேலையில்லை. எல்லாவற்றையும் யோசித்தவர்கள், அதிகாரியிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

அவருக்குத்தான் நம் வழக்கம் தெரியுமே. மாலையை எடுத்தார், இரண்டு கையாலும் அகலமாக விரித்தார், சிரித்த முகத்தோடு என் மகளின் தலைக்கு மேலே தூக்கினார்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. அம்பலவாணர் பாதி எழுந்தார், பாதியிலேயே நின்றார். "சார், நோ, சார்," என்று வீராசாமி முதன்முறையாகச் சின்னக் குரலில் பேசினார். தமயந்தி பின்னால் வளைந்தாள், மேசை தடுத்தது. அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

எழுந்து போய், அவர் கைக்கு அடியில் என் கையை நீட்டினேன். "பகி சாயா," என்றேன். என்னிடம் கொடு என்று மலாயில்.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இபு?" என்றார். அம்மாவா என்று.

"இபு," என்றேன்.

உடனே தலைகுனிந்து மாலையை என் கையில் கொடுத்துவிட்டார். அந்த மண்டபத்தில் அவருக்கு மட்டும் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மாலை கனமாக இருந்தது. ஈரம் கையில் இறங்கியது. தமயந்தி என் முன்னால் வந்து தலையைக் குனிந்தாள். மூத்தவளின் கல்யாணம், அடுப்படி வாசல், நாளைக்குச் சனம் கேட்கப்போவது எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"போடுங்கோ தங்கச்சி," என்று கடைசி வரிசையிலிருந்து பரமேஸ்வரி அம்மாளின் குரல் வந்தது. "பிள்ளை எவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்கிறது?"

போட்டேன். பின்னல் மாட்டிக்கொண்டது, எடுத்து வெளியே விட்டேன். ஒரே தடவையில் சரியாகப் போட்டேன் என்று எழுதச் சொன்னால், அடுத்த அறையில் இருக்கும் தமயந்தி சிரிப்பாள்.

அவள் திரும்பி நின்று வாசிக்க ஆரம்பித்தாள்.

எங்கள் லோங்காங்கில் ஓடும் மீன் முட்டையிடாது, குட்டி போடும். கொசுப்புழுவைத் தின்னும். ஆண் சின்னது, பகட்டான நிறம். பெண் பெரியது, நிறமில்லாதது. இவ்வளவும் சபை சந்தோஷமாகக் கேட்டது. பிறகு கர்ப்பம் என்று வாசித்தாள். முன்வரிசை தரையைப் பார்த்தது. ஒரு தடவை ஆணோடு சேர்ந்த பெண் மீனைத் தனியாகப் பிரித்து வைத்தாலும், அதற்குப் பிறகும் பல தடவை அது குட்டி போடுகிறது என்று வாசித்தாள். புலவர் எழுந்து செருமினார்.

"இத்தகைய செய்திகள் அவைக்கு..."

"புலவர்," என்றார் அம்பலவாணர், "மாலை உம்மட கழுத்தில இல்லை."

புலவர் உட்கார்ந்தார்.

பசி வந்தால் தாய் மீன் தன் குட்டிகளையே தின்றுவிடுவதும் உண்டு என்று வாசித்தாள். ஏழு பேரை வளர்த்தவளுக்கு அதுவும் புரிந்தது.

எல்லாச் சொல்லும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். கழகம் செய்த சொற்கள் சில வந்தன; அவற்றைக் கழகத்தாரே திருதிருவென்று விழித்துத்தான் கேட்டார்கள். ஆனால் ஒரு வரியையும் நான் தவறவிடவில்லை. இத்தனை வருடம் அவள் சாக்கடை ஓரம் குந்தி என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வடிகட்டி எங்கே போயிற்று என்று நான் கத்தியபோதெல்லாம் அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த வருட மலரில் தமயந்தியின் படம் வந்தது, பெயரும் பெரிய எழுத்தில். அவளுக்குக் கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணையைத் தவிர வேறெதையும் விசாரிக்கவில்லை, அதற்கும் அவளே பதில் சொல்லிவிட்டாள். மாலை விதியை மாற்ற ஒரு குழு போட்டார்கள். அது எனக்குத் தெரிந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

மலரை லண்டனுக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒன்று கொடுத்தார்கள். திறந்தேன், பக்கம் முழுக்க எழுத்து. மூடி வைத்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் குரலில் கேட்டுவிட்டேனே.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பவள் தமயந்தியின் மகள் ஷாலினி. "பாட்டி, ரொம்ப நீளமாப் போச்சு லா. எடிட்டர் கட் பண்ணிடுவாங்க," என்கிறாள்.

பண்ணட்டும். அது அப்புறம். முதலில் ஆரம்பத்திலிருந்து வாசி, நான் சொன்னதைத்தான் எழுதினாயா என்று பார்க்க வேண்டும். இப்படிச் சோபாவில் சாய்ந்துகொண்டு முணுமுணுக்காதே. அந்தக் கதவைத் திறந்து வை, உன் அம்மாவுக்கும் கேட்கட்டும். எழுந்து நின்று வாசி.